பெர்கன் துறைமுக நகரம்: அப்பா அம்மாவோடு போகிறோம், எத்தனை இரவு வைக்கலாம்?

முத்துநகர்
எல்லோருக்கும் வணக்கம். மே கடைசியில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு மொத்தம் நான்கு பேராக வடக்கு ஐரோப்பா போகலாம் என்று இருக்கிறோம். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கடலோர ஊருக்குப் போனாலும் கப்பல் கட்டும் இடம் எது, சரக்கு இறங்கும் இடம் எது என்று தேடிப்போய் நின்றுவிடுவார். நார்வேயின் பெர்கனைச் சேர்க்கச் சொன்னதே அவர்தான்.

பயண முகவர் போட்டுக் கொடுத்த திட்டம் இது: கோபன்ஹேகன் மூன்று இரவு, ஓஸ்லோ இரண்டு, பெர்கன் ஒன்றே ஒன்று. அந்த ஒரு நாளும் காலை முதல் இரவு வரை ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல்) சுற்றுலா. ஊருக்குள் கால் வைக்கவே நேரம் இல்லை. அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, எனக்கும்தான். பெர்கனுக்கு எத்தனை இரவு கொடுப்பது நியாயம்? அங்கே எப்போதும் மழை என்கிறார்களே, வயதானவர்களை அழைத்துப்போகலாமா? அம்மா சைவம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார். இதையெல்லாம் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கணக்குப்புள்ள
முகவர் சொன்னது தவறு இல்லை என்பது என் கருத்து. பெர்கனின் மையப்பகுதி சிறியது. பழைய மரவீடுகள், மீன் சந்தை, மலை ரயில், மூன்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். நார்வே விலைகளையும் யோசியுங்கள். ஒரு குரோனர் ஒன்பது ரூபாய் பக்கம் வருகிறது. சாதாரண உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒருவருக்கு 250 குரோனருக்குக் குறையாது. நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு கூடுதல் இரவும் பெரிய தொகை. அந்தப் பணத்தில் கோபன்ஹேகனில் இன்னும் வசதியாக இருக்கலாம்.

ரயில்பித்தன்
கணக்குப்புள்ள சொல்வதை மறுக்கிறேன். ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. முகவர் விமானம் போட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். 1909இல் திறந்த ரயில் பாதை அது. ஏழு மணி நேரம் பக்கம் ஆகும். ஃபின்சே நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே கடைசியிலும் அங்கே பனி கிடக்கும். ஓஸ்லோவில் பச்சைப் புல், நடுவழியில் வெள்ளைப் பீடபூமி, கடைசியில் கடல். முழங்கால் வலி உள்ளவருக்கு இதைவிட நல்ல சுற்றுலா கிடையாது, உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் வருகிறது.

டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். கடைசி நேரத்தில் எடுத்தால் விமானத்தைவிடக் கூடப் போய்விடும். ஆனால் ரயிலில் போனால் அந்தப் பகல் பெரும்பாலும் ரயிலிலேயே போய்விடும். ஒரே இரவு என்றால் அந்த ஊரை நீங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

வடகடல்
வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், பெர்கனில் குடியேறிப் பல காலம். எங்கட சனம் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறோம். பலர் முதலில் வடக்கே ஃபின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டுப் பிறகு தெற்கே வந்தவர்கள். அப்பாவின் விருப்பத்தைக் கேட்டதும் மனம் நிறைந்துபோனது. இங்கே வாற ஆட்கள் ஃபியோர்டைக் கேட்பார்களே ஒழிய, துறைமுகத்தைக் கேட்கிறவர்கள் குறைவு.

என் யோசனை நான்கு இரவு. குறைந்தது மூன்று. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஊரே துறைமுகத்தால் வந்தது. வோகன் என்கிற உள்துறைமுகத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கிற மரக்கட்டடங்கள்தான் ப்ரிக்கன். சிவப்பும் மஞ்சளுமாக எல்லாப் படத்திலும் வருமே, அதுதான். 1360 அளவில் வடஜெர்மானிய வணிகர்களின் ஹன்சா கூட்டமைப்பு இங்கே தன் அலுவலகத்தை வைத்தது. வடக்கே லொஃபோட்டன் பக்கத்து மீனவர்கள் காயவைத்த கொட் மீனைப் படகில் கொண்டுவருவார்கள், ஜெர்மானியர் தானியம் கொடுப்பார்கள். பெரும்பாலும் கடனுக்கு. அடுத்த பருவத்து மீனைத் தருவதாகச் சொல்லித்தான் இந்தப் பருவத்துத் தானியத்தை வாங்குவது. அந்தக் கடன் பல தலைமுறைக்கும் தீராமல் வடக்கத்து மீனவரைக் கட்டிப்போட்டது. ஹன்சா அலுவலகம் 1754 வரை நீடித்தது.

அந்த மீன் நம்ம கருவாடு மாதிரித்தான், ஆனால் உப்பே போடுவதில்லை. குளிர் காற்றில் மரச் சட்டங்களில் தொங்கவிட்டே காயவைப்பார்கள். கட்டை போல இறுகிவிடும், வருடக்கணக்கில் கெடாது.

ப்ரிக்கனை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். கட்டடங்களுக்கு இடையே மரப்பலகை போட்ட ஒடுக்கமான சந்துகள் இருக்கின்றன, உள்ளே போகவேண்டும். 1702இல் பெரிய தீயில் எல்லாம் அழிந்து, பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்கள். தீப்பயத்தால் குடியிருப்புக் கட்டடங்களில் அடுப்புக்கு அனுமதி இல்லை. சமைக்கவும் குளிர்காயவும் பின்னால் தனி மண்டபங்கள். அவற்றுக்கு ஸ்கொட்ஸ்டூவனே என்று பெயர், அதையும் பார்க்கலாம். 1955இல் இன்னொரு தீ. அதற்குப் பிறகு தோண்டியபோது மரத்துண்டுகளில் ரூன் என்கிற பழைய வடக்கு ஐரோப்பிய எழுத்தில் செதுக்கிய நூற்றுக்கணக்கான குறிப்புகள் கிடைத்தன. சரக்குக்கு உரியவன் பெயர், காதல் சேதி, பிரார்த்தனை எல்லாம் உண்டு. ப்ரிக்கன் அருங்காட்சியகம் அந்த இடத்திலேயே கட்டியது. மழை பெய்தால் பலகை வழுக்கும், அப்பாவுக்கு நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வாங்கிக்கொடுங்கள்.

இதெல்லாம் அரை நாளில் முடியாது, கணக்குப்புள்ள தம்பி.

கணக்குப்புள்ள
வடகடல் அண்ணா, விவரத்துக்கு நன்றி. சரித்திரம் பிடித்தவர்களுக்குச் சரி. ஆனால் நான் கேள்விப்பட்டது வேறு. கோடையில் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை இறக்கிவிடுகின்றன, ப்ரிக்கனில் நடக்கவே இடமில்லை என்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நான்கு நாள் என்ன செய்வது?

வடகடல்
அது உண்மைதான். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. எந்த நாளில் எத்தனை கப்பல், எத்தனை பயணிகள் என்று துறைமுகத்தின் இணையத்தளத்திலேயே அட்டவணை இருக்கும். கப்பல் அதிகமான நாளில் நீங்கள் ஊருக்கு வெளியே போங்கள், குறைவான நாளில் ப்ரிக்கன், மலை ரயில். கப்பல் சனம் காலையில் இறங்கி, பின்னேரம் ஏறிவிடும். மே கடைசியில் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு ஆறுதலாக வெளிக்கிட்டால் ப்ரிக்கன் உங்களுக்கே உங்களுக்கு. ஒரே இரவு தங்குகிற ஆளுக்கு இந்த வசதி கிடையாது.

ஃப்ளோயன் மலை ரயிலும் அப்படித்தான். 1918இலிருந்து ஓடுகிறது. மீன் சந்தைக்குக் கிட்டவே ஏறலாம், சில நிமிடத்தில் 320 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். இரவு பதினொரு மணி வரை ஓடும். காலை பத்து மணிக்குப் போய் வரிசையில் நிற்காதீர்கள். மேலே தளம் மட்டமாக இருக்கும், முழங்காலுக்குச் சிரமமில்லை. அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் முழுக்க அப்பாவுக்குக் காலடியில்.

மேகம்பார்ப்பவன்
மழையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வருகிறேன். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக்காலம் முழுக்க ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்குப் பெர்கன் ஒரு புண்ணிய தலம். மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

பெர்கனில் ஆண்டுக்கு 2,250 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சென்னைக்கு 1,400 பக்கம். காரணம் எளிது. அட்லாண்டிக்கிலிருந்து ஈரக்காற்று மேற்கே இருந்து வருகிறது, ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்ந்து கொட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வால்பாறை பக்கத்துச் சின்னக்கல்லாற்றில் செய்வதும் இதுவே. வித்தியாசம் என்னவென்றால் பெர்கனில் அது ஒரு பருவத்தோடு நிற்பதில்லை. 2006 அக்டோபர் கடைசியில் தொடங்கி 2007 ஜனவரி வரை 85 நாள் ஒரு நாள்கூட விடாமல் பெய்திருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில்தான் இன்றைய வானிலைக் கணிப்பின் அடித்தளம் உருவானது. நார்வே வானிலை அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னஸ் 1917இல் பெர்கனுக்கு வந்தார். முதல் உலகப்போரால் வெளிநாட்டு வானிலைத் தந்திகள் நின்றுபோயிருந்தன. விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று நார்வேயின் மேற்குக் கரையில் கண்காணிப்பு நிலையங்களை நெருக்கமாக அமைத்தார். அந்தத் தரவுகளை வைத்துத்தான் அவருடைய மகன் யாக்கோப் பியர்க்னசும் உடன் இருந்த இளைஞர்களும், குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லையில் புயல் எப்படிப் பிறந்து வளர்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இன்றும் ஐரோப்பிய வானிலை வரைபடத்தில் முக்கோணமும் அரைவட்டமும் போட்ட கோடுகளைப் பார்த்தால், அது பெர்கன் பள்ளி என்று பெயர் பெற்ற அந்தக் குழுவின் கொடை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மே, ஜூன்தான் அங்கே ஒப்பீட்டளவில் மழை குறைந்த காலம். ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆகஸ்டு பிற்பாதியிலிருந்து மழை ஏறத் தொடங்கும், செப்டம்பர், அக்டோபர் உச்சம். மே கடைசியில் பகலில் 14, 15 டிகிரி எதிர்பார்க்கலாம். குடையை நம்பாதீர்கள், காற்று திருப்பிவிடும். தலைமூடி உள்ள மழைச்சட்டை நால்வருக்கும். பெரும்பாலும் தூறல்தான். நம்மூர் மாதிரி ஒரு மணி நேரத்தில் தெருவை மூழ்கடிக்கும் மழை அல்ல.

ரயில்பித்தன்
மே, ஜூன் பற்றி முழுக்க ஒத்துப்போகிறேன். பனி உருகும் காலம் என்பதால் அருவிகளும் அப்போதுதான் முழு வேகத்தில் இருக்கும்.

ஃபியோர்டு விஷயத்துக்கு வருவோம். முகவர் போட்டிருப்பது அநேகமாக வழக்கமான வட்டம்: பெர்கனிலிருந்து வோசுக்கு ரயில், குட்வாங்கனுக்குப் பஸ், அங்கிருந்து நேரோய் ஃபியோர்டு வழியாக ஃப்ளாமுக்குப் படகு, ஃப்ளாமிலிருந்து மிர்டாலுக்கு மலை ரயில், திரும்பப் பெர்கன். ஃப்ளாம் ரயில் 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. நடுவில் ஷோஸ் அருவியில் நிறுத்தி எல்லோரையும் இறங்கிப் பார்க்க விடுவார்கள். நேரோய் ஃபியோர்டு 2005லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தவறவிடக்கூடாது. எல்லா டிக்கெட்டையும் தனித்தனியாக நீங்களே எடுக்கலாம், தொகுப்பாக வாங்குவதைவிடக் குறைவாக வர வாய்ப்பு உண்டு.

வடகடல்
தம்பி, இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வட்டம் அருமைதான். ஆனால் ரயில், பஸ், படகு, ரயில், ரயில் என்று ஒரே நாளில் ஐந்து வண்டி. ஒவ்வொன்றிலும் சனத்தோடு ஏறி இறங்க வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் மற்றது போச்சு. முழங்கால் வலிக்கிற மனிதருக்கு அது சரிவராது. பெர்கன் துறைமுகத்திலிருந்தே மொஸ்ட்ரவ்மன் வரை படகு போகிறது, மூன்றரை மணி நேரத்துக்குள் போய்வந்துவிடலாம். ஏறின படகிலேயே திரும்பி வரலாம். இரண்டு பக்கமும் செங்குத்து மலை, ஒடுக்கமான நீரிணை, அருவிக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்தப் பெரியவருக்கு அதுவே காணும்.

ரயில்பித்தன்
அண்ணா, மொஸ்ட்ரவ்மன் அழகுதான், ஆனால் நேரோய் ஃபியோர்டோடு ஒப்பிட முடியாது. இந்தியாவிலிருந்து அவ்வளவு தூரம் போகிறார்கள், இன்னொரு முறை போவார்களோ என்னவோ. நடுவழி ஒன்று சொல்கிறேன். ஓஸ்லோவிலிருந்து வரும்போதே மிர்டாலில் இறங்கி ஃப்ளாம் போய் ஒரு இரவு தங்குங்கள். மறுநாள் ஃப்ளாம், குட்வாங்கன் படகு, பஸ்ஸில் வோஸ், ரயிலில் பெர்கன். ஒரே நாளில் ஓட வேண்டாம். ஓஸ்லோவின் ஒரு இரவை இங்கே கொடுத்தால் போதும்.

வடகடல்
அது நல்ல யோசனை. ஒத்துக்கொள்கிறேன். ஃப்ளாமில் தங்குமிடம் குறைவு, முந்திப் பதிவு செய்ய வேணும்.

பழையமாலுமி
சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். முத்துநகர், உங்கள் அப்பாவுக்கென்றே ஒரு சேதி. 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்தது அவருக்குத் தெரிந்திருக்கும். துறைமுகத்தில் வேலை பார்த்த யாரும் அதைக் கேள்விப்படாமல் இருக்க மாட்டார்கள். சரியாக ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 20, பெர்கன் வோகனில் அதே மாதிரி ஒன்று நடந்தது. ஜெர்மானியர் கையில் இருந்த வோர்போடே என்ற டச்சுக் கப்பல், வெடிமருந்தோடு கோட்டைக்கு அருகே நின்றபோது வெடித்தது. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் காயம்பட்டார்கள். கப்பலின் நங்கூரம் பக்கத்து மலைமேல் போய் விழுந்தது. அங்கேதான் இன்றும் கிடக்கிறது. 1261இல் மன்னர் ஹோக்கனின் மகன் திருமணம் நடந்த ஹோக்கன் மண்டபத்தின் கூரை போனது, பிறகு சீரமைத்தார்கள். ப்ரிக்கன் வரிசை முடியும் இடத்திலிருந்து சில நிமிட நடைதான். அந்த மண்டபத்தின் முன்னால் நின்று தண்ணீரைப் பார்த்தால், வெடித்த இடம் எவ்வளவு பக்கம் என்று அவருக்கே புரியும்.

சான்ட்விகன் பகுதியில் பழைய கடலோரக் கிடங்குகளுக்குள் மீன்பிடித் தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதையும் விடாதீர்கள். வடக்கே கிர்கெனஸ் வரை போகும் கரையோரக் கப்பல்கள் புறப்படுவதும் பெர்கனிலிருந்துதான். 1893இல் தொடங்கிய சேவை. சரக்கு, பயணிகள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு 34 துறைமுகங்களைத் தொட்டுப் போகும். போகாவிட்டாலும் ஒரு கப்பல் புறப்படுவதை நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

செங்கைச்செவிலி
தாமதமாகப் பார்க்கிறேன். நான் தொழுநோய்ப் பிரிவில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெர்கனைப் பற்றி இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், புனித யோர்கன் மருத்துவமனையைச் சொல்லவில்லையே!

ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. தொழுநோயாளிகளுக்காக 1400களின் தொடக்கத்திலிருந்து நடந்த மருத்துவமனை, இப்போது அருங்காட்சியகம். இன்றுள்ள மரக்கட்டடங்கள் 1702 தீக்குப் பிறகு கட்டியவை. நடுக்கூடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதற்குள் வாழ்ந்தார்கள். கடைசி இரண்டு நோயாளிகள் இறந்தது 1946இல்.

19ஆம் நூற்றாண்டில் நார்வேயின் மேற்குக் கரையில் தொழுநோய் பரவலாக இருந்தது. பெர்கனில்தான் அதைப் பற்றிய ஆய்வு நடந்தது. பரம்பரை நோய் என்றே பெரிய மருத்துவர்களும் நம்பினார்கள். 1873இல் பெர்கன் மருத்துவர் அர்மாவர் ஹான்சன் அதற்கான கிருமியைக் கண்டார். ஒரு மனிதனின் நாள்பட்ட நோய்க்கு நுண்ணுயிரி காரணம் என்று காட்டிய முதல் சில கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. செங்கல்பட்டு திருமணியிலும் வேலூர் காரிகிரியிலும் உள்ள தொழுநோய் மருத்துவமனைகளில் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

அதே ஹான்சன் ஒரு பெண் நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவர் கண்ணில் நோய்த் திசுவைச் செலுத்திப் பார்த்ததையும் மறைக்கக்கூடாது. வழக்கு நடந்தது, 1880இல் மருத்துவமனைப் பதவியை இழந்தார். நோயாளியின் சம்மதத்தை மருத்துவம் மதிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒரு நீதிமன்றம் சொன்னது. எனக்கு இது கண்டுபிடிப்புக்குச் சமமான செய்தி. கோடைக் காலத்தில் மட்டுமே திறந்திருக்கும், போகும் முன் தேதியைப் பார்த்துவிடுங்கள். அம்மாவும் அப்பாவும் அமைதியாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய இடம். தோட்டமும் இருக்கிறது.

முத்துநகர்
எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகச் செவிலி அம்மாவுக்கு. பம்பாய் வெடிப்பைப் பற்றிய பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ கண்டிப்பா அந்த இடத்துல நிக்கணும்" என்றார். ஃப்ளாம் ஒரு இரவு, பெர்கன் நான்கு இரவு என்று மாற்றப்போகிறோம். சாப்பாடு, தங்குமிடம், விசா மூன்றையும் யாராவது சொன்னால் முடிந்துவிடும்.

கணக்குப்புள்ள
நான்கு இரவு என்று முடிவாகிவிட்டது, அப்போ செலவைக் குறைக்க வழி சொல்கிறேன். சமையலறை உள்ள வீடாக எடுங்கள். ரேமா, கிவி, எக்ஸ்ட்ரா போன்ற மலிவுக் கடைகளில் அரிசி, காய்கறி, தயிர், பயறு எல்லாம் உண்டு. சாம்பார்ப்பொடி மட்டும் கொண்டுபோனால் அம்மாவுக்குக் கவலை இல்லை. ஞாயிறு அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டில் வாங்கவே வேண்டாம். பெட்டிக்கடை வரை அட்டையில்தான் பணம் கட்டுகிறார்கள், நிறைய குரோனர் நோட்டு மாற்றாதீர்கள்.

விசாவில் ஒன்றைக் கவனியுங்கள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டின் மூலம்தான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். முகவரின் திட்டத்தில் டென்மார்க் மூன்று, நார்வே மூன்று. சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு, அதாவது டென்மார்க். இப்போது நார்வே கூடிவிட்டது, அதனால் நார்வே வழியாக விண்ணப்பிக்க வேண்டும். முகவர் டென்மார்க் படிவத்தை நிரப்பிவைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு முன்னால் முன்பதிவு நேரம் கிடைப்பது கஷ்டம், சீக்கிரம் செய்யுங்கள்.

வடகடல்
தங்குமிடம் மையத்தில் விலை கூட. டிராம் பாதையில் எங்கே எடுத்தாலும் வசதிதான், அடிக்கடி ஓடும், ஏறி இறங்கப் படி இல்லை. விமான நிலையத்துக்கும் அதே டிராம்தான், முக்கால் மணி நேரம். தனி விமான நிலையப் பஸ்ஸைவிட நல்ல மலிவு. மே 17 தேசிய தினம், பிறகு பெந்தெகொஸ்தே விடுமுறைத் திங்கள் வேறு வரும். உங்கள் தேதிகளில் விழுகிறதா என்று பாருங்கள், அன்றைக்கும் கடை பூட்டு.

மீன் சந்தையில் அப்பா மீன் பார்க்கட்டும், ஆனால் வெளிக்கூடாரத்தில் சாப்பிட வேண்டாம், விலை பயணிகளுக்கானது. தேதி உறுதியானதும் தனிச்செய்தி போடுங்கள். சான்ட்விகன் கிடங்குகளுக்கு நானே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அந்தப் பக்கம்தான் எங்கள் வீடு. அம்மாவுக்குச் சோறும் பருப்பும் எங்கள் வீட்டில் ஒரு நேரம்.

முத்துநகர்
அண்ணா, கண்டிப்பாக. முகவரிடம் பேசிவிட்டேன், டென்மார்க் படிவம் இன்னும் போகவில்லை. ஓஸ்லோ, மிர்டால் ரயில் டிக்கெட் விற்பனை திறந்ததும் எடுத்துவிட்டுத் தேதியை இங்கேயே போடுகிறேன்.